டோமினோ மேசையில் ஒரு ஸ்பிரிங்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் ஒரு முட்டாள். சாலினாஸ் பந்தயத் திடலுக்குப் போகும் வழியில் சுட்ட பன்றி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே தட்டை வைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. என் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"பெருசு, நீங்களும் ரோட்டரி என்ஜின் ஆளா?"

தலையாட்டினேன்.

"அப்போ மோக்கா ஊரு மெக்கானிக்கு கத தெரிஞ்சிருக்குமே. என்ஜினுக்குள்ள போட வேண்டிய ஸ்பிரிங்க டோமினோ மேசையில விட்டுட்டு, அதே மேசையில உக்காந்து ஆட்டம் ஆடுனானே ஒரு கிழவன்?"

நான்தான் அந்தக் கிழவன். சொல்லவில்லை. வாயில் கறி இருந்தது.

அவன் கதையில் என்ஜின் வெடித்தது, வண்டி தீப்பிடித்தது, ஓட்டிய பெண் அழுதுகொண்டே ஓடிவந்தாள். கிழவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே செத்துப்போனான். "பாவம், நல்ல கைக்காரன்" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ஒரு வாழைக்காய் வறுவலை எடுத்துத் தின்றான்.

வீட்டுக்கு வந்து என் மனைவி புரோவியிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. "நீயே எழுதிடு வென்சே. செத்தவன் எழுதுனா எவனும் மறுத்துப் பேசமாட்டான்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதுகிறவர்களை நம்பியதில்லை. படிக்கிறவர்களையும் நம்புவதில்லை, உங்களையும் சேர்த்துத்தான். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆளாக இருந்தால் இப்போதே புரட்டிக்கொள்ளுங்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது.

2

முதல் தொடக்கம்:

அன்று காலை வானம்

(நிறுத்திவிட்டேன். நான் காலையில் வானத்தைப் பார்க்கிறவன் இல்லை. எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று தரையைப் பார்க்கிறவன்.)

இரண்டாவது:

சொராய்தா அழகான பெண். அவளுடைய கண்கள்

(புரோவி படித்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாவது:

டர்போ என்பது, என்ஜின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றவைத்து, உள்ளே காற்றைத் திணிக்கும்

(உண்மைதான். ஆனால் கடையில் பெட்டியோடு கொடுக்கும் காகிதம் மாதிரி இருக்கிறது. அந்தக் காகிதத்தை நான் படித்ததே இல்லை. நீங்கள் மட்டும் ஏன் படிக்கவேண்டும்?)

நாலாவது. இது எழும்பிவிடும் என்று தோன்றுகிறது:

சொராய்தா பேக்கரி வேன் ஓட்டுகிறவள். அவளுக்கு ஒரு தம்பி, அபிமாயேல். அவர்களுடைய அப்பா சாகும்போது ஆரஞ்சு நிற மாஸ்டா கார் ஒன்றை இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப்போனார். பந்தயத்தில் அதை ஓட்டுகிறவள் சொராய்தா. அவள் கையில் ஏற்கெனவே இரண்டு என்ஜின்கள் உடைந்திருந்தன. மூன்றாவதைக் கட்ட என்னிடம் வந்தபோது தம்பியும் கூடவே வந்தான், ஒரு நிபந்தனையோடு. அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அரெசிபோ ஊர்க்காரன் ஒருவனை ஊர் கேட்கச் சவாலுக்கு இழுத்திருந்தாள் அக்கா. அன்று அவள் பந்தயக் கோட்டில் வந்து நிற்காவிட்டாலோ, மூன்றாவது என்ஜினும் உடைந்தாலோ, வண்டி தம்பி கைக்குப் போகும். போனதும் அவன் அதில் பிஸ்டன் என்ஜின் போடுவான்.

ரோட்டரிக்காரனின் வண்டியில் பிஸ்டன். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

3

தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்கிறேன். மற்ற என்ஜின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். எங்கள் என்ஜினில் அந்தக் குதியாட்டம் கிடையாது. வயிறு பருத்த முக்கோணம் ஒன்று அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு அறை, அறைக்கு ஒரு முக்கோணம். முக்கோணத்தின் மூலைகளில் சட்டைப் பொத்தான் மாதிரி சீல்கள். ஒவ்வொரு சீலுக்கும் அடியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, வளைந்த தகட்டில் ஒரு ஸ்பிரிங். காற்று கசியாதபடி அது சீலைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது.

ஒரு ஸ்பிரிங் இல்லாவிட்டால்? டர்போ இல்லாத என்ஜின் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவிடும். டர்போ வைத்ததில் அழுத்தம் அந்த இடுக்கைத் தேடிக் கண்டுபிடிக்கும். சீல் ஆடும், உடையும். உடைந்த துண்டு டர்போவின் விசிறிக்குள் போகும். அதற்குப் பிறகு மெக்கானிக் வேண்டாம், துடைப்பம் போதும்.

சொராய்தாவுக்காக நான் செய்தது இது: காற்று நுழையும் வாசல்களைக் கிரைண்டரால் அகலப்படுத்தினேன். ஒரு மயிரிழை கூடினால் பக்கத்தில் தண்ணீர் ஓடும் பாதை ஓட்டையாகிவிடும், அதனால் கிரைண்டர் ஓடும்போது என்னோடு யாரும் பேசக்கூடாது. கம்பெனி வைத்த டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினேன். பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக்கினேன், காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும் என்பதால். அவளுடைய முதல் என்ஜின் பெட்ரோல் பற்றாமல் உள்ளேயே வெந்துபோனது. (அது நான் கட்டியது இல்லை. இரண்டாவதும் நான் கட்டியது இல்லை. மறந்துவிடாதீர்கள்.)

பாகங்களைப் பூட்டியது டோமினோ மேசையில். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். வீட்டிலேயே சமதளமான பலகை அதுதான். சுற்றிலும் விளிம்பு இருப்பதால் சின்னச் சாமான் உருண்டு விழாது. ஆனால் விளிம்பை ஒட்டி, காய்களை நிறுத்திவைக்க நாலு பக்கமும் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இன்னொன்று. பாக்கெட்டில் வரும் புது ஸ்பிரிங்குகளை நான் நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். சோம்பலாக எழுந்து வருவதை ஒதுக்கிவிட்டு என் டப்பாவிலிருந்து பழைய நல்லதைப் போடுவேன். வேசலின் தடவித்தான் எல்லாவற்றையும் ஒட்டிவைப்பேன், பூட்டும்வரை இடத்தில் நிற்கவேண்டுமே. ஆக, அன்று மேசையில் புதியதும் இருந்தது, பழையதும் இருந்தது, போட்டதும் இருந்தது, ஒதுக்கியதும் இருந்தது. எல்லாவற்றிலும் வேசலின்.

இதைத் தப்பு என்று நீங்கள் சொல்லலாம். மறுபடி கட்டச் சொன்னாலும் இப்படித்தான் கட்டுவேன்.

4

புதிதாகக் கட்டிய ரோட்டரியை எழுப்பியவுடன் விரட்டக்கூடாது. பெட்ரோலில் கொஞ்சம் எண்ணெய் கலந்து, நின்ற இடத்திலேயே, பொழுதெல்லாம் மெதுவாக ஓடவிடவேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். ஆள் சும்மா இருக்கமுடியாது. அதனால் துவரைச் சோறு, அதனால் டோமினோ. போர்டிகோவில் வண்டி விக்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு நாலு பேர் உட்கார்ந்தோம். நானும் சொராய்தாவும் ஒரு கட்சி, புரோவியும் அபிமாயேலும் ஒரு கட்சி. அக்கா தம்பி இரண்டு பேருக்கும் நான் 'தோன் வென்சே', அதாவது வென்சே ஐயா.

பொட்... பொட்-பொட்... பொட். வாசல் அகலமான என்ஜின் சும்மா நிற்கும்போது அப்படித்தான் பேசும். (பக்கத்து வீட்டுக் கிளி இந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்டு விட்டது. நடந்ததுதான். ஆனால் கதையில் வைத்தால் நம்பமாட்டீர்கள் என்பதால் எடுத்துவிட்டேன்.)

"தோன் வென்சே, இந்த விக்கலுக்கு மருந்து என்னன்னு தெரியுமா?" என்றான் அபிமாயேல். "நாலு பிஸ்டன்."

"ஒண்ண எடுத்து உன் வாயில சொருகுனா எல்லாருக்கும் நிம்மதி" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் நீ வேன்லயே ரேஸுக்குப் போலாம்க்கா. தோத்தாலும் ரொட்டி இருக்கும்."

"ஆடுடா. டபுள் சிக்ஸ கையில வச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் முழிப்ப?"

"பாத்தீங்களா தோன் வென்சே, என் கையில இருக்கறத வெளிய சொல்றா!"

"பேசறவங்க எழுந்து போய் பாத்திரம் கழுவுங்க" என்றாள் புரோவி. "நான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன்."

சொல்லிக்கொண்டே பள்ளத்திலிருந்து காயை எடுத்தாள். திருப்பினாள். காயின் முதுகில் ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன, பிசுபிசுன்னு?"

விரல் நுனியில் எடுத்து நீட்டினாள். ஸ்பிரிங்.

பொட்-பொட்... பொட்.*

சொராய்தா கேட்டாள்: "தோன் வென்சே, இது நம்ம என்ஜினோடதா?"

அவள் எப்படிக் கேட்டாள் என்று எழுதப் பல தடவை முயன்றேன். 'நடுங்கும் குரலில்' என்று எழுதினேன், பொய். 'கலங்கிய கண்களோடு' என்று எழுதினேன், அதைவிடப் பெரிய பொய். தெருவில் படுத்திருக்கும் நாயைக் காட்டி, இது கடிக்குமா என்று கேட்பார்களே, அப்படிக் கேட்டாள்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். புதியது மாதிரி இருந்தது. புதியதென்றால் ஒதுக்கியதாக இருக்கலாம், போடத் தவறியதாகவும் இருக்கலாம். பழையதாக இருந்தாலும் அதே பதில்தான். டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். டப்பாவில் இருப்பதை எண்ணிவைக்கும் வழக்கம் எனக்கு என்றைக்கும் இல்லை.

"நான் ஊசில லேஸ் பின்றவ" என்றாள் புரோவி. "அம்பது வருஷத்துல ஒரு ஊசி தொலைச்சதில்ல."

"இது லேஸ் இல்லடி."

"தெரியுது. லேஸ் வெடிக்காது."

என்ஜினைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் பிரித்தால் திரும்பக் கட்டி, திரும்ப இப்படி ஓடவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறுத்தமுடியாது. கோட்டுக்கு வராவிட்டால் வண்டி அபிமாயேலுக்கு. பிரிக்காமல் ஓட்டி, உள்ளே ஸ்பிரிங் இல்லாமல் இருந்து உடைந்தாலும் வண்டி அபிமாயேலுக்கு. அவன் சோற்றுத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சாப்பிடவில்லை.

* உன் மூஞ்சி சாம்பல் மாதிரி ஆச்சே, அத ஏன் எழுதல? — புரோவி

5

பிரிக்காமலே கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் போகாமல் ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டவேண்டும். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்பதால் பிளக் ஓட்டை வழியே மூன்று மூச்சு வரும். மூன்றும் ஒரே அளவாக இருந்தால் உள்ளே எல்லாம் சரி. ஒன்று இளைத்திருந்தால், சரியில்லை.

முன் அறை: பஃப், பஃப், பஃப். நல்ல மாடு மூச்சு.

பின் அறை: பஃப், பஃப், ப

(அந்தக் கடைசி எழுத்தை எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'ஃப்' போடலாமா வேண்டாமா? போட்டால் கதை முடிந்துவிடும். போடாவிட்டாலும் முடிந்துவிடும்.)

மறுபடி சுற்றினோம். மறுபடியும் எனக்கு ஒன்று இளைத்தது போலத்தான் கேட்டது. ஆனால் புது என்ஜின் சீல்கள் இன்னும் சுவரோடு படியாமல் இருக்கும், கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். சொராய்தாவுக்கு மூன்றும் ஒன்றாகக் கேட்டது. அவளுக்கு அப்படித்தான் கேட்டாகவேண்டும். புரோவி, "எனக்கு நாலு கேட்டுச்சு" என்றாள்.

அப்போது அபிமாயேல் எழுந்து வந்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தி, காதை வைத்து, "சுத்துங்க" என்றான். சுற்றினேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"மூணும் ஒண்ணுதான். பிளக்க மாட்டுங்க."

இங்கே நின்று, இந்த ஆளைப் பற்றி உங்களிடம் கேட்கவேண்டும். பிரித்தாலும், ஓடி உடைந்தாலும் லாபம் அவனுக்கு. என்ஜின் உடையட்டும் என்று நினைக்கிறவனும் "மூணும் ஒண்ணுதான்" என்றுதான் சொல்வான். அக்காவின் மேல் பாசம் உள்ளவனும் அதையேதான் சொல்வான். முதல் தடவை எழுதும்போது அவன் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பை வைத்தேன். புரோவி பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். "அவன் சிரிக்கல. நான் எதிர்க்க இருந்தேன்." இரண்டாவது தடவை அவன் கண்ணில் பாசத்தை வைத்தேன். எனக்கே வாந்தி வந்தது. மூன்றாவது தடவை, காலையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து அவன் போர்டிகோவைக் கழுவிவிட்டிருந்ததை எழுதினேன். கெட்டவன் அப்படிச் செய்வானா? செய்வான். நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அவன் முகத்தில் ஒன்றும் எழுதவில்லை. கையைத் துடைத்தான், அவ்வளவுதான்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா" என்றாள் சொராய்தா.

"மூணும் ஒண்ணுதான்க்கா."

"சத்தியமா?"

"சத்தியம்லாம் சர்ச்சுல கேளு. காது இருக்கு, கேட்டேன், சொன்னேன்."

அவள் அவனைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாட்டுங்க தோன் வென்சே."

எனக்குக் கோபம் வந்தது. ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "பிரிப்போம் பொண்ணு. இவன் பேச்ச நம்பி என் என்ஜின ஓட விடுவேன்னு நெனச்சியா?"

"உங்க என்ஜினா? என்ஜின் என்னுது. வண்டி எங்கப்பாவுது. இவன் என் தம்பி. இதுல உங்களுது என்ன இருக்கு?"

"அந்த ஸ்பிரிங்" என்றாள் புரோவி.

முதலில் சிரித்தது அபிமாயேல். பிறகு சொராய்தா. நான் சிரிக்கவில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். அதையும் புரோவி அடித்துவிட்டாள். பிளக்கை மாட்டினேன். வண்டி மறுபடி விக்க ஆரம்பித்தது. நாலு பேரும் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஆடினோம். அபிமாயேல் அந்த டபுள் சிக்ஸைக் கடைசிவரை இறக்க வழியில்லாமல் கையிலேயே வைத்திருந்தான். அப்படியும் அவர்கள் கட்சிதான் ஜெயித்தது.

6

இனி முடிவு. கடையில் சாமான் காட்டுவது போல எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன், பிறகு ஏமாற்றினான் என்று சொல்லாதீர்கள்.

பன்றிக் கடையில் எதிரே உட்கார்ந்தவனின் முடிவு: வெடிப்பு, தீ, என் சாவு. இதில் எனக்குப் பிடித்தது 'நல்ல கைக்காரன்' என்ற இடம் மட்டும்.

சொராய்தாவிடம் எப்படி முடிக்கலாம் என்று கேட்டேன். அரெசிபோக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவது போல முடிக்கச் சொன்னாள், மழையில்.

புரோவியின் முடிவில் அன்றே என்ஜினைப் பிரித்துவிடுகிறோம். எல்லா ஸ்பிரிங்கும் உள்ளே ஒழுங்காக இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. "அதுதான் அழவைக்கும்" என்கிறாள். நடக்காததை வைத்து அழவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவதாக ஒரு முடிவு இருக்கிறது. அதில் ஸ்பிரிங் உள்ளே இல்லை, அபிமாயேலுக்கு அது தெரியும்

(இதற்கு மேல் பேனா போகவில்லை. மை இருக்கிறது.)

சிக்கல் என்னவென்றால், எதைச் சொன்னாலும் நீங்கள் பின்னால் போய் அந்தப் பையனுக்குத் தீர்ப்பு எழுதுவீர்கள். ஓடியிருந்தால் நல்லவன், உடைந்திருந்தால் படுபாவி. ஆனால் அவன் ஓட்டையில் காதை வைத்தபோது ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. அக்காவும் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று தெரியாமலேதான் அவனை நம்பினாள். எழுபது வயதுவரை யாரையும் நம்பாமல் நன்றாகவே வாழ்ந்தவன் நான். அவள் செய்தது எனக்கு வராது. ஆனால் பார்க்க நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

7

சாலினாஸ். ஞாயிறு. வெயில். அரெசிபோக்காரன் பக்கத்துத் தடத்தில் தயாராக இருந்தான். எங்கள் வண்டியின் பின்சக்கரங்களுக்கு முன்னால் அபிமாயேல் தண்ணீர் ஊற்றினான். டயர் சூடேறுவதற்காகச் சொராய்தா நின்ற இடத்திலேயே சக்கரங்களைச் சுழலவிட்டாள். ரப்பர் புகை எங்கள் மூவரையும் மூடியது. புரோவி இருமிக்கொண்டே கைதட்டினாள். புகை விலகியதும் அபிமாயேல் வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்து, இரண்டு கையாலும் இடது வலது காட்டி, வண்டியை நேர்த்தடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த வேலையை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

பிறகு ஓடிப்போய் ஓட்டுநர் சன்னலில் குனிந்தான். ஏதோ சொன்னான். இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆனால் அந்த டர்போ என் கையால் மாட்டியது, அதன் கூச்சலில் கடவுள் பேசினாலும் கேட்காது. சொராய்தா சிரித்தாள். கையுறை போட்ட கையால் அவன் முகத்தை வெளியே தள்ளிவிட்டாள். அவன் பின்வாங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான்.

என்ன சொன்னான் என்று பிறகு இரண்டு பேரிடமும் கேட்டேன். "அது வீட்டு விஷயம் தோன் வென்சே" என்றாள் அவள். அவன் பேச்சை மாற்றினான்.

வண்டி மெல்ல நகர்ந்து கோட்டைத் தொட்டது. புறப்படச் சொல்லும் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் பச்சையை நோக்கி ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். காரணம் கேட்காதீர்கள். ஒருவேளை அபிமாயேல் என் சட்டை நுனியைப் பிடித்திருந்ததால் இருக்கலாம். பிடித்திருப்பது அவனுக்கே தெரியவில்லை.

இங்கே நிறுத்துகிறேன்.

என்ஜின்கள் எப்படிக் கெடுகின்றன என்று என்னிடம் கேளுங்கள். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவன் இன்னும் கொஞ்சம் என்று டர்போவின் அழுத்தத்தைக் கூட்டச் சொல்வான். நீங்கள் இப்போது கேட்பதும் அதுதான். நான் கூட்டமாட்டேன். அவன் சன்னலில் என்ன சொன்னான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுதிவிட்டால் பச்சை விளக்குக்குப் பிறகு என்ன ஆனது என்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புரோவி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவளும் அங்கேதான் இருந்தாள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். இருந்தும் என் முதுகில் குத்தி, "அப்புறம்?" என்கிறாள்.